மரத்தின் முதுகு

"சாப்பாட்டுப் பை எங்கே?" என்று மாமா கேட்டார்.

காட்டுப் பாதையில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் பேருந்து நிறுத்தம் இன்னும் தெரிந்தது.

"அம்மாகிட்ட இருக்கு மாமா. காலையில இருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன்," என்றாள் பட்டாணி.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்தாளாம், அதனால் மாமா வைத்த பெயர். இப்போது அவள் ஒல்லிக்குச்சி. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

"அப்போ உங்கப்பா தோள்ல தொங்குற பையில என்ன இருக்கு?"

"பெயிண்ட்."

"நல்லாயிருக்கு! காட்டுக்கு நடக்க வர்ற மனுஷன் சாப்பாட்டை விட்டுட்டுப் பெயிண்டைத் தூக்கிட்டு வர்றார்!"

முன்னால் போய்க்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார். "பெயிண்டர் வெறுங்கையோட வீட்டை விட்டு இறங்க மாட்டான் மாப்ளே. அது கிடக்கட்டும், உன் கால் எப்படி இருக்கு?"

மாமா நொண்டாமல் நடக்கப் பார்த்தார். மாமாவுக்குச் செருப்புக் கடையில் வேலை. வருகிறவர்களின் பாதத்தையெல்லாம் அளந்து பார்த்து, "இது கடிக்கும், அடுத்த சைஸ் போடுங்க" என்று அக்கறையாகச் சொல்பவர். தனக்கு மட்டும் ஒரு சைஸ் சின்னதாக ஷூ எடுத்துவிட்டார். நிறம் பிடித்துவிட்டதாம்.

அந்தப் பாதை ரொம்ப நீளமானது. காட்டிலிருந்து இன்னொரு காடு, குன்றிலிருந்து இன்னொரு குன்று என்று போய்க்கொண்டே இருக்கும். முழுதும் நடக்க வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலானவர்கள் விடுமுறை நாளில் வந்து, ஒரு துண்டை மட்டும் நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வழி தவறாமல் இருக்க, ஓரத்து மரங்களில் மஞ்சள் பெயிண்டில் ஒரு பட்டை அடித்திருக்கும். ஒரு பட்டையைத் தாண்டினால் அடுத்த பட்டை கண்ணில் படும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் போதும்.

பட்டாணியின் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் இருந்த துண்டில் மட்டும் அந்தப் பட்டைகள் வெளுத்து, உரிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. பாதையைக் கவனித்துக்கொள்ளும் சங்கத்தார் அப்பாவைத் தேடி வந்து கேட்டார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பட்டாணியும் போய் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டார்கள்.

அப்பாவிடம் அரைகுறை வேலை என்ற பேச்சே கிடையாது. "பழசைச் சுரண்டாம புதுசு அடிக்கிறவன் பெயிண்டரே இல்ல" என்பார். பட்டாணி ஒரு மழுங்கிய தகட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்தாள். முன்னால், பின்னால், எங்கெல்லாம் பழைய மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்ததோ அத்தனையையும் சுரண்டித் தள்ளினாள். அதற்கப்புறம் அப்பா சுவரில் அடிப்பது மாதிரி நேராக, ஓரம் பிசிறாமல் ஒரு பட்டை அடித்தார். இப்படியே அடுத்த ஊர் வரை நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

அந்த வேலையை அம்மாவுக்குக் காட்டத்தான் இன்று கிளம்பியிருந்தார்கள்.

அம்மா பஸ் டிரைவர். ஞாயிறு காலையில் முதல் பஸ்ஸை அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கே இன்னொரு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. "நான் அந்தப் பக்கத்துல இருந்து நடந்து வர்றேன். நீங்க இந்தப் பக்கத்துல இருந்து வாங்க. நடுவுல இருக்கிற மரக்குடிசையில சேர்ந்து சாப்பிடலாம். சாப்பாடு என்கிட்டயே இருக்கட்டும். உங்ககிட்ட கொடுத்தா என் தம்பி பாதி வழியிலயே காலி பண்ணிடுவான்," என்று சொல்லியிருந்தார்.

வழி நெடுக மஞ்சள் பட்டைகள் பளிச்சென்று வரவேற்றன. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அப்பாவின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "அம்மா இதைப் பாத்துட்டு அசந்துடுவா, பாரு," என்றார்.

மரக்குடிசைக்கு வந்து சேர்ந்தபோது சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. நாலு கம்பம், ஒரு கூரை, நடுவில் ஒரு பெஞ்சு. மாமா பெஞ்சில் விழுந்து ஷூவைக் கழற்றினார். குதிகாலில் பெரிய கொப்புளம்.

அம்மா வரவில்லை.

"வந்துருவா," என்றார் அப்பா.

கொஞ்ச நேரம் போனது. மாமா சாப்பாட்டுப் பையில் என்னென்ன இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம். சொல்லச் சொல்ல அவருக்கே பசி அதிகமானது.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. அம்மா தாமதமாக வருகிற ஆளே இல்லை. அவர் ஓட்டும் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளும் கடைக்காரர்கள் ஊரில் உண்டு. அப்பா கைபேசியை எடுத்து உயரே தூக்கிப் பார்த்தார். பெஞ்சின் மேல் ஏறியும் பார்த்தார். காட்டுக்குள் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

மாமா சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் பட்டாணிக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"நான் கொஞ்ச தூரம் போய்ப் பாக்குறேன்பா. வளைவு வரைக்கும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

ஒரு மஞ்சள் பட்டை, அதற்கடுத்து இன்னொன்று, வளைவில் மூன்றாவது. "அம்மா!" என்று கத்திப் பார்த்தாள். பதில் இல்லை. சரி, குடிசைக்கே போகலாம் என்று திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குடிசை மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. எதிரே இருந்த மரங்களெல்லாம் வெறும் பழுப்பு. ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. இப்போதுதானே பார்த்தோம், எங்கே போயின எல்லாம்? அருகில் இருந்த மரத்தை ஓடிப்போய்ச் சுற்றிப் பார்த்தாள். மறுபக்கத்தில் மஞ்சள் பட்டை அழகாக, நேராக, ஓரம் பிசிறாமல் இருந்தது.

பட்டாணிக்குப் புரிந்துவிட்டது. குடிசைக்கு ஒரே ஓட்டம்.

"அப்பா! நாம பெயிண்ட் எந்தப் பக்கம் அடிச்சோம்?"

"எந்தப் பக்கம்னா? மரத்துலதான்."

"மரத்துல எந்தப் பக்கம்?"

"நாம வர்ற பக்கம்…" அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது.

"அம்மா வர்ற பக்கம்?"

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா சுவருக்கு அடிச்சுப் பழகின கை. சுவர்ல கண்ணுக்குத் தெரியுறது ஒரு பக்கம்தானே. அதே நெனப்புல…"

"பின்னால பழைய மஞ்சள் கொஞ்சம் இருந்துச்சுப்பா. அதையும் நான்தான் சுரண்டிட்டேன்." பட்டாணியின் குரல் உடைந்தது.

மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்காவுக்கு வழியா தெரியாது? பாதை பாட்டுக்கு நேராத்தானே போகுது?"

"முக்கால்வாசி நேர்தான்," என்றார் அப்பா. "இங்கேயிருந்து கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு இடத்துல ரெண்டா பிரியும். ஒண்ணு நம்ம பாதை. இன்னொண்ணு பழைய கல்குவாரிக்குப் போறது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "குவாரி நிறைய ஆழமான தண்ணி."

அதற்குமேல் யாரும் உட்காரவில்லை. மாமா ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வெறும் சாக்ஸோடு ஓடிவந்தார்.

அப்பா மஞ்சள் பட்டைகளைப் பார்த்தபடி வேக வேகமாக நடந்தார். அவர் பின்னால் மாமா. ஒரு பெரிய மரத்தைத் தாண்டி இருவரும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"நில்லுங்க!" என்று பட்டாணி கத்தினாள். "மஞ்சளைப் பாத்துக்கிட்டே போனா அம்மாவைத் தாண்டிப் போயிடுவோம். பிரியுற இடம் இதுதானே?"

அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். "ஆமா, இதேதான். மஞ்சள் அந்தப் பக்கம் கூப்பிட்டுச்சா, கவனிக்கவே இல்ல."

"நான் இப்ப அம்மா," என்றாள் பட்டாணி.

"என்னது?" என்றார் மாமா.

பட்டாணி பாதையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி நின்றாள். அடுத்த ஊரிலிருந்து வருகிற ஆள் மாதிரி நடந்து வந்தாள். தன்னை அறியாமலே கைகள் இரண்டும் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. அந்தப் பெரிய மரம் எதிரே வந்தது. பட்டை ஒன்றும் இல்லாத வெறும் முதுகு. வலது பக்கம் புதர்களுக்கு நடுவே நுழையும் ஒற்றையடிப் பாதை, வழி என்றே சொல்ல முடியாது. இடது பக்கம் லாரி போகும் அளவுக்கு அகலமான மண் ரோடு.

"பஸ் டிரைவர் எந்த ரோட்டுல போவாங்க?" என்று கேட்டாள்.

அப்பாவும் மாமாவும் அகலமான ரோட்டைப் பார்த்தார்கள்.

"ஒருவேளை இந்த இடத்துக்கே இன்னும் வராம இருந்தா?" என்றார் அப்பா.

பட்டாணி மண் ரோட்டில் குனிந்து பார்த்தாள். நேற்றைய மழையில் மண் ஈரமாக இருந்தது. காலடித் தடங்கள் தெரிந்தன. "மாமா, இங்க வாங்க. இது யாரோட காலுன்னு சொல்லுங்க."

மாமா மண்டியிட்டார். அவர் முகம் சட்டென்று மாறியது. "அலை அலையா கோடு, குதிகால்ல ஒரு வட்டம். இது எங்க கடைச் சரக்கு! அக்காவோட பிறந்தநாளுக்கு நான் எடுத்துக் கொடுத்தது! சைஸ்கூட அதேதான்!"

"உனக்கு எடுக்கத்தான் தெரியல," என்றார் அப்பா. ஆனால் அவர் ஏற்கெனவே அந்த ரோட்டில் இறங்கியிருந்தார்.

அம்மாவின் தடத்தோடு வேறு தடங்களும் இருந்தன. பெரிய பூட்ஸ் ஒன்று. இன்னும் இரண்டு ஜோடி. எல்லாம் போயிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"அம்மா! அம்மா!"

ரோடு சரிவாக இறங்கியது. எங்கோ தூரத்தில் தண்ணீர் வாடை அடித்தது. அப்பா ஓட ஆரம்பித்தார். பட்டாணி மூச்சிரைக்கப் பின்னால் ஓடியபடி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: 'அம்மா எப்பவும் என்ன சொல்வாங்க? வழி தெரியலைன்னா சந்தேகத்தோட ஓட்டாதே, வண்டியை ஓரம் கட்டி நில்லுன்னு சொல்வாங்க. அம்மா ஓரம் கட்டியிருப்பாங்க. கட்டாயம் கட்டியிருப்பாங்க.'

திருப்பத்தில் ஒரு குரல் கேட்டது.

"கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. இன்னும் ஆள் வந்தாலும் வருவாங்க."

அது பஸ்ஸுக்குள் கேட்கும் குரல். அம்மாவின் குரல்!

ரோட்டோரம் வெட்டிப் போட்டிருந்த ஒரு மரத்தின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், பீரோ அளவுக்குப் பை வைத்திருந்த ஒரு தாடிக்காரர். ஒரு கோடியில் ஒரு கணவர், மறு கோடியில் அவர் மனைவி. இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டாணி பாய்ந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் சட்டையில் பஸ் டீசல் வாசம் அடித்தது. உலகத்திலேயே அதைவிட நல்ல வாசம் இல்லை என்று தோன்றியது. அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அக்கா… சாப்பாட்டுப் பை பத்திரமா இருக்கா?"

"இருக்குடா. உங்க மூணு பேர் பங்கைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் இவங்களுக்குக் கொடுத்தேன்," என்றார் அம்மா. "ஒரு இடத்துலயும் பட்டை காணோம். ரோடு இறங்க இறங்க எனக்குச் சந்தேகம். சரின்னு ஓரம் கட்டிட்டேன். எப்படியும் நீங்க தேடி வருவீங்கன்னு தெரியும். அதுக்குள்ள ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சுட்டாங்க. யாரையும் கீழே போக விடல."

"எங்களை ஏறச் சொல்லி உக்கார வச்சுட்டாங்க," என்றார் தாடிக்காரர். "நான் வாரக்கணக்கா நடந்து வர்றேன். எங்கேயும் இப்படி இல்ல. இந்தத் துண்டுல மட்டும் ஒரு குறிகூடக் கிடையாது. இதைக் கவனிக்க ஒரு ஆள் இல்லையா?"

"நான் அப்பவே வலது பக்கம்னு சொன்னேன்," என்றார் மனைவி, காற்றைப் பார்த்து.

"குறி இருந்திருந்தா நானும் வலது பக்கம்தான் போயிருப்பேன்," என்றார் கணவர், மரத்தைப் பார்த்து.

அப்பா தரையில் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். காது சிவந்துவிட்டது. பட்டாணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கவனிக்க ஆள் இருக்கு. நாங்கதான்," என்றாள். "எல்லா மரத்துலயும் பட்டை இருக்கு. ஆனா நாங்க வர்ற பக்கம் மட்டும் அடிச்சுட்டோம். பின்னால இருந்த பழசை நான்தான் சுரண்டினேன். தப்பு எங்களோடது. மன்னிச்சுடுங்க."

தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார்.

"அப்போ காலையில இருந்து நான் பாத்துட்டு வந்ததெல்லாம் மரத்தோட முதுகா?"

"ஆமா," என்றாள் பட்டாணி மெல்ல.

தாடிக்காரரின் தோள் குலுங்கியது. பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டார். கணவர் சிரித்தார். சிரிக்கக் கூடாது என்று நினைத்திருந்த மனைவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் பஸ்ஸுக்குக்கூட முன்னால ஒரு போர்டு, பின்னால ஒரு போர்டு உண்டு. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

அப்பா அசடு வழியச் சிரித்துவிட்டுப் பையைத் திறந்தார். சின்ன டப்பா, ஒரு பிரஷ், அந்த மழுங்கிய தகடு. "நான்தான் சொன்னேனே மாப்ளே," என்றார். மாமா இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

பிரியும் இடத்துப் பெரிய மரத்தின் முதுகில் பட்டை அடிக்கும் வேலையை அப்பா பட்டாணிக்கே கொடுத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, ஒரு பட்டை அடித்தாள். அப்பாவின் பட்டை மாதிரி நேராக வரவில்லை. ஆனால் தூரத்திலிருந்தே தெரிந்தது. அங்கிருந்து குடிசை வரை ஒவ்வொரு மரமாக அடித்துக்கொண்டே போனார்கள். கணவர் மரத்தைத் துடைத்தார், மனைவி டப்பாவைப் பிடித்தார். மூன்றாவது மரத்தில் இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

குடிசை கண்ணில் பட்டதும் அம்மா நின்றார்.

"நீங்க எல்லாரும் போய் உக்காருங்க. நான் திரும்ப அந்தப் பிரியுற இடத்துக்குப் போய், தனியா நடந்து வர்றேன். ஓட்டிப் பாக்காம வண்டியைப் பயணிகளுக்கு விடக் கூடாது."

"அம்மா, வேண்டாம்மா," என்றாள் பட்டாணி.

"நீ அடிச்ச பட்டைதானே? அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

பட்டாணி குடிசைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வளைவையே பார்த்தாள். மாமா சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் திறக்கவில்லை. அக்கா வரட்டும் என்றார். ஒரு பறவை கத்தி ஓய்ந்தது. இலைகள் அசைந்தன. பட்டாணி மூச்சுகூடச் சரியாக விடவில்லை.

வளைவில் அம்மா வந்தார். நிதானமாக, நேராக, ஒரு இடத்தில்கூடத் தயங்காமல் வந்தார்.

மத்தியானத்திலிருந்து பட்டாணி அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. அழுதுகொண்டே ஓடினாள். அம்மா அவளை வாரி அணைத்துக்கொண்டார். முதுகைத் தட்டிக் கொடுத்தார். கண்ணையும் கன்னத்தையும் துடைத்துவிட்டார்.

"ஒவ்வொரு மரத்தையும் தொட்டுட்டே வந்தேன் கண்ணு. ஒண்ணுகூடத் தப்பல."

"தொட்டியா?" அப்பா பதறி எழுந்தார். "ஈரப் பெயிண்ட்டைத் தொட்டியா?"

அம்மா கையைத் திருப்பிப் பார்த்தார். விரலெல்லாம் மஞ்சள். பட்டாணியின் கன்னத்தில் ஒரு மஞ்சள் பட்டை. சட்டையின் முதுகில் இன்னொரு மஞ்சள் பட்டை.

தாடிக்காரர் பட்டாணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு," என்றார். "இதுதான் வேலை!"

மாமா சாப்பாட்டுப் பையைத் திறந்தார்.